நான்தான்



போன மாதம் ஒரு நாள் வங்கிக்குப் போயிருந்தேன். வைப்புத்தொகை ஒன்று முதிர்ந்திருந்தது. அதை எடுத்துக் காகிதக் கடைப் பாக்கியை அடைத்துவிடலாம் என்று எண்ணம். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். படிவத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். “சார், கையெழுத்து ஒத்துப்போகல. இன்னொரு தடவை போடுங்க” என்றார். போட்டேன். “இன்னும் ஒரு தடவை, நிதானமா.” நிதானமாகப் போட்டது முந்தியதைவிட மோசமாக வந்தது. தன் கையெழுத்தைத் தானே யோசித்து யோசித்துப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கள்ளக் கையெழுத்துகூட அதைவிட நிஜமாக இருக்கும்.

கடைசியில் அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பினார். 1988-ல் கணக்குத் தொடங்கியபோது நான் கொடுத்த மாதிரிக் கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பிப் பெயர் முழுவதற்கும் அடியில் ஓடி, திரும்பி வந்து, இரண்டு புள்ளியில் முடிகிறது. அந்தப் புள்ளிகள் எதற்காக என்று இப்போது எனக்கே புரியவில்லை. வேலை கிடைத்த புதிது. உலகம் தன் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் போட்டிருக்கிறான். பாருங்கள், ‘அவன்’ என்றுதான் வாயில் வருகிறது. இப்போது நான் போடுவது பில்லிலும் ரசீதிலும் புரூஃபிலும் தினம் நாற்பது முறை போட்டுத் தேய்ந்துபோன ஒரு கிறுக்கல். அதற்கு வாலும் கிடையாது, தலையும் கிடையாது.

“இது உங்க கையெழுத்துதானா சார்?”

“நான்தாம்மா போட்டேன்.”

“அது சரி சார், ஆதார் இருக்கா?”

இருந்தது. அதிலுள்ள படத்தைக் காட்டினால் என் வீட்டிலேயே யாரும் என்னை அடையாளம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது செல்லும் என்றார்கள். நேரில் நிற்கிற ஆள்தான் செல்லவில்லை. கையெழுத்தை மாற்றிக்கொள்ள ஒரு படிவம் கொடுத்தார்கள். புதுக் கையெழுத்தை மூன்று கட்டங்களில் ஒரே மாதிரி போட வேண்டும். நாளை வருகிறேன் என்று சொல்லி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் அந்த ‘நான்தான்’ மனதில் ஓடிக்கொண்டே வந்தது. வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். உள்ளேயிருந்து “யாரு?” என்று கேட்கிறார்கள். நாம் பெயர் சொல்வதில்லை, இன்னார் மகன் என்று சொல்வதில்லை. “நான்தான்” என்கிறோம். தகவல் என்று எடுத்துக்கொண்டால் அதில் எதுவுமே இல்லை. திருடன்கூட அதையேதான் சொல்ல முடியும். ஆனாலும் தாழ்ப்பாள் விலகுகிறது. அந்தச் சொல்லில் இல்லாததையெல்லாம் உள்ளே இருக்கிறவர் தம்மிடமிருந்து போட்டு நிரப்பிக்கொள்கிறார். குரல் தெரியும், தட்டுகிற விதம் தெரியும், இந்த நேரத்துக்கு யார் வருவார் என்று தெரியும். ‘நான்’ என்பதில் பாதிதான் நம் கையில் இருக்கிறது. மீதி, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் இருக்கிறது. வங்கியில் அந்தப் பக்கம் யாரும் இல்லாததால்தான் சிக்கல்.

இந்த மாதம் ‘நான்’ என்பதையே இதழின் பொருளாக வைக்கலாம் என்று உதவி ஆசிரியர்கள் சொன்னபோது முதலில் தட்டிக்கழித்தேன். வேதாந்த வகுப்பாகிவிடும் என்று பயம். வங்கிக்குப் போய் வந்த மறுநாள் சரி என்றேன்.

வங்கியாவது பரவாயில்லை, நாளைக்கு வாருங்கள் என்கிறது. நியாயவிலைக் கடையில் விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, ரேகை விழாமல் பையை மடித்துக்கொண்டு திரும்புகிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? களையெடுத்தும், பாத்திரம் துலக்கியும், சுண்ணாம்பிலும் சிமென்ட்டிலும் கை வைத்தும் ரேகை தேய்ந்துபோயிருக்கும். இருபது வருடமாக அரிசி போடுகிற கடைக்காரருக்கு அந்த அம்மா யார், எந்தத் தெரு, பேரன் எங்கே படிக்கிறான் என்பதுவரை தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது. கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் வேலை பெரிய அளவில் தொடங்கியதே நம் நாட்டில்தான். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பிற்பாடு ‘நான் போட்ட கையெழுத்தில்லை’ என்று மறுத்துவிடக் கூடாதே என்பதற்காக உள்ளங்கையில் மை தடவிப் பதிய வைத்தார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். ஏய்க்கிறவனைப் பிடிக்க வந்த கருவி, அதிகமாக உழைத்தவரின் விரலில் வந்து தோற்றுப்போகிறது.

வங்காளம் என்றதும் பாவல் சாமியார் வழக்கு நினைவுக்கு வருகிறது. ஆள் அடையாளத்துக்காக நம் நாட்டில் நடந்த வழக்குகளில் இதைப் போல இன்னொன்றை நான் படித்ததில்லை.

டாக்காவுக்குப் பக்கத்தில் பாவல் என்று பெரிய ஜமீன். அதன் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண் ராய். உடம்புக்கு ஆகவில்லை என்று டார்ஜிலிங் போனவர், 1909 மே மாதம் அங்கேயே இறந்துபோனதாகத் தகவல் வந்தது. கூடப் போயிருந்த இளம் மனைவி விபாவதி விதவையாகத் திரும்பினார். பன்னிரண்டு வருடம் கழித்து டாக்கா ஆற்றங்கரையில் சடைமுடியும் திருநீறுமாக ஒரு சாமியார் வந்து உட்கார்ந்தார். பார்த்தவர்கள், நம்ம குமாரர் ஜாடையாக இருக்கிறதே என்று முணுமுணுத்தார்கள். ஊருக்கு அழைத்துப்போனார்கள். உடன்பிறந்த சகோதரி ஜோதிர்மயி, இது என் தம்பிதான் என்றார். குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். 1921 மே மாதம் அந்தக் கூட்டத்தின் நடுவில் சாமியாரே சொன்னார், நான்தான் என்று. சுடுகாட்டில் மழை பிடித்துக்கொள்ள, தூக்கி வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். நாகா சாதுக்கள் எடுத்துக் காப்பாற்றினார்கள். பழைய ஞாபகம் வெகுகாலம் இல்லாமலே இருந்தது. இது அவர் கதை. மனைவி விபாவதி ஒரே வார்த்தையாகச் சொன்னார்: இந்த ஆள் வேறு யாரோ.

1930-ல் சாமியார் வழக்குத் தொடுத்தார். இரு தரப்பிலும் சேர்த்து 1,500 பேருக்கு மேல் சாட்சிக் கூண்டேறினார்கள். காலில் வண்டிச் சக்கரம் ஏறிய தழும்பு, பாதத்துத் தோலின் சொரசொரப்பு, செருப்பின் அளவு, பேச்சில் இந்தி கலந்திருப்பது ஏன் என்ற கேள்வி என்று ஒரு மனிதனைத் துண்டு துண்டாகப் பிரித்து மேசைமேல் வைத்துப் பார்த்தார்கள். 1936-ல் நீதிபதி பன்னாலால் பாசு, இவர் குமாரர்தான் என்று தீர்ப்பளித்தார். 1940-ல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 1946 ஜூலை 30-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் மேல்முறையீட்டைத் தள்ளியது. அடுத்த சில நாட்களில் அவர் இறந்துபோனார். இந்த முறை யாருக்கும் சந்தேகமில்லை.

மூன்று நீதிமன்றமும் சேர்ந்து அவருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தன, ஜமீனில் பங்கைக் கொடுத்தன. ‘ஆமாம், நீங்கள்தான்’ என்று விபாவதி வாயிலிருந்து ஒரு சொல்லை வாங்கித் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியவில்லை. அவர் பொய் சொன்னாரா, சாமியார் பொய் சொன்னாரா என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிட அந்த ஜோதிர்மயியின்மேல்தான் கண். பன்னிரண்டு வருடம் இறந்துபோனவன் என்று அழுது முடித்த தம்பியைச் சாம்பலுக்குள்ளிருந்து கண்டெடுத்த கண் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்! தப்பாகவே கண்டிருந்தாலும்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை நம்மிடம் இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிற திருமூலர் வரலாறு. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார் ஒருவர், திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் சாத்தனூர் மேய்ச்சல் நிலத்தில் மூலன் என்கிற இடையன் செத்துக் கிடக்கிறதையும், அவன் மேய்த்த மாடுகள் சுற்றி நின்று கதறுகிறதையும் பார்க்கிறார். மாடுகளின் துயரம் பொறுக்காமல் தம் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்து எழுகிறார். மாடுகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நக்குகின்றன, துள்ளுகின்றன. சாயங்காலம் வீடு திரும்பும் மாடுகளின் பின்னால் அவரும் ஊருக்கு வருகிறார். புருஷனைக் காணோமே என்று தேடிக்கொண்டு வந்த மூலன் மனைவி ஆசையாகத் தொடப் போகிறாள். உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று விலகி ஒரு மடத்துக்குள் போய்விடுகிறார். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருக்கிறவர், உன் புருஷன் இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் திரும்பிப் போய்ப் பார்த்தால், வைத்த இடத்தில் சொந்த உடம்பு இல்லை. மூலனாகவே இருந்து, திருமந்திரம் பாடினார் என்பது வரலாறு.

1694-ல் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, இதே முடிச்சைப் போட்டுப் பார்த்தார். இளவரசன் ஒருவனின் உயிர் அவன் ஞாபகங்களோடு ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்புக்குள் போய்விட்டால் அந்த ஆள் யார்? இளவரசன்தான், ஏனென்றால் ஞாபகம் எங்கேயோ ஆளும் அங்கே என்றார் அவர். மேல்நாட்டில் ‘ஒரே ஆள்’ என்பதற்கு என்ன பொருள் என்ற விவாதத்துக்கு அதுவே பிள்ளையார்சுழி. சேக்கிழார் அவருக்கு ஐந்நூறு வருடம் மூத்தவர், முடிச்சும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் சேக்கிழார் ஒரு மனைவியையும் மாட்டுக் கூட்டத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறார். தத்துவவாதிக்கு அது தோன்றவில்லை. செருப்புத் தைப்பவன் வீட்டிலும் சாயங்காலம் யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள்தானே. மாடுகளுக்கு மூலன் கிடைத்துவிட்டான். அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது முறையும் போய்விட்டான். அவள் பிறகு என்ன ஆனாள் என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாபகம்தான் ஆள் என்றால் ஹென்றி மோலைசன் யார்? அமெரிக்காக்காரர். கடுமையான வலிப்பு நோய். 1953-ல், 27 வயதில், வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இரு பக்கத்திலும் உள்ளே கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. அதற்குப் பிறகு எதையும் புதிதாக நினைவில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. வருடக்கணக்காக வந்து பரிசோதித்த பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைகிற பயிற்சியைக் கொடுத்தால் நாளுக்கு நாள் கை திருந்திக்கொண்டே வந்தது. இதைச் செய்து பழகியிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. கை கற்றுக்கொண்டது, ஆளுக்குச் சேதி போகவில்லை. 2008-ல், 82 வயதில் இறக்கும்வரை அப்படியேதான். ஆனாலும் பழகியவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். தன்மையானவர், குறுக்கெழுத்துப் போட்டி என்றால் உயிர், கேட்டதற்கு மறுக்காமல் ஒத்துழைப்பார். அதாவது, அவரிடம் தங்காத ‘அவர்’ வந்துபோனவர்களிடம் பத்திரமாக இருந்தார்.

நம் பத்திரிகைத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே பாதிப் பேர் வேறு ஆளாகத்தான் எழுதுகிறோம். ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததால், இன்னொரு ரங்கராஜன் மனைவி பெயரைக் கடன் வாங்கிச் சுஜாதா ஆனார். கடன் வாங்கிய பெயரில்தான் இன்றைக்கும் வாழ்கிறார். இப்போது ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் இதழில் சமையல் பக்கம் எழுதும் ‘அக்கா’, ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார். ‘அக்கா, வத்தக்குழம்பு கசக்கிறதே’ என்று நீங்கள் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் அவரே கைப்பட பதில் எழுதுகிறார். வகுப்பில் அவருடைய பிரம்பு பிரசித்தம் என்று கேள்வி. “அக்காவா உட்கார்ந்து எழுதும்போது எனக்குக் கோபமே வரமாட்டேங்குது சார், என்ன மாயம்னு தெரியல” என்று ஒரு நாள் சொன்னார். மாயம் ஒன்றும் இல்லை. அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நீங்கள் வளர்த்த ஆள் அவர்.

இதெல்லாம் ஒரு பக்கம். பிறர் கொடுத்ததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்கக் கிளம்பிய ஒரு பையனைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. 1896 ஜூலை, மதுரை, சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீடு. பதினாறு வயது வேங்கடராமனுக்குத் திடீரென்று சாகப்போகிறோம் என்று பயம் பிடித்துக்கொண்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி நீட்டிப் படுத்து, இந்த உடம்பு போனால் நான் போய்விடுவேனா என்று பார்த்தான். ஆறு வாரம் கழித்து வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டான். பின்னாளில் உலகம் அவரை ரமணர் என்றது. ‘நான் யார்?’ என்பதே அவர் உபதேசம் ஆயிற்று. அந்த விசாரணையை நானும் முயன்றிருக்கிறேன். இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கும், அதற்குள் அச்சகத்திலிருந்து போன் வந்துவிடும்.

நான் சொல்ல வந்தது உபதேசத்தை அல்ல, கிளம்பும்போது அவர் எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டை. அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டார். சீட்டு ‘நான்’ என்று தொடங்குகிறது. சில வரி போவதற்குள் அந்த ‘நான்’ ‘இது’ என்று ஆகிவிடுகிறது. இது போகிறது, இதைத் தேட வேண்டாம் என்கிற மாதிரி. கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடுதான் இருக்கிறது. ஆனால் அது யார் எழுதியது என்று அண்ணனுக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கையெழுத்தை விட்டுவிட்டுப் போக முடிந்தது, கை எழுதிய எழுத்து வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதன்பின் திருவண்ணாமலையில் பேசாமல் இருந்த அந்த இளைஞரிடம் தாலுகா கச்சேரி ஊழியர் ஒருவர் வந்து, பெயரும் ஊரும் சொல்லும்வரை சாப்பிட மாட்டேன், வேலைக்கும் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அரசாங்க ஊழியர் ஒருவர் அடையாளத்துக்காகப் பட்டினி கிடந்தது சரித்திரத்தில் இந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். வேறு வழியில்லாமல் வேங்கடராமன், திருச்சுழி என்று ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினார் அவர். நம் ழகரம் ஆங்கிலத்தில் படும் பாடுதான் தெரியுமே, ஊர்ப் பெயர் ஊழியருக்குப் பிடிபடவில்லை. அருகில் ஒரு பெரியபுராணப் புத்தகம் இருந்தது. அதை எடுத்து, திருச்சுழி வருகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். சேதி மெல்ல மதுரைக்குப் போயிற்று. 1898 டிசம்பரில் தாயார் அழகம்மாள் வந்தார். சடை விழுந்த தலையும் அழுக்கேறிய மெலிந்த உடம்புமாக இருந்தவரைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார். அடையாள அட்டை கேட்கவில்லை.

படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. மூன்று கட்டங்களும் காலி. பழையவனைப் பார்த்து அந்த வாலைப் பழகிக்கொள்வதா, இப்போதைய கிறுக்கலையே சட்டபூர்வமாக்கிவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வாசகர்களே, இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதாமாதம் இந்தப் பக்கத்தின் அடியில் நீங்கள் பார்க்கிற என் கையெழுத்து நான் அன்றன்று போடுவதல்ல. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை போட்டதை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், அதையே ஒட்டுகிறார்கள். இந்த மாதம் மட்டும் அதை எடுத்துவிடச் சொன்னேன். பக்கம் வடிவமைக்கிற தம்பி திகைத்துப்போய்விட்டார்.

“அப்புறம் இது யார் எழுதினதுன்னு அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“தெரியும், நீ கோடு மட்டும் போடு” என்றேன்.

அன்புடன்,

— — — —